அப்பலேச்சியன் ஜர்னி: லைவ் இன் கான்செர்ட்

'அப்பலேச்சியன் ஜர்னி: லைவ் இன் கான்செர்ட்' வயலின் கலைஞர் மார்க் ஓ'கானர், டபுள் பேஸ் கலைஞர் எட்கர் மேயர், செல்லோ கலைஞர் யோ-யோ மா ஆகிய மூவரும் 2000-ல் நியூயார்க் லிங்கன் மையத்தின் ஏவரி ஃபிஷர் அரங்கில் நிகழ்த்திய இசைநிகழ்ச்சியின் பதிவு. பாடகர்கள் ஜேம்ஸ் டெய்லர், அலிசன் க்ராஸ் இருவரும் விருந்தினர்களாகப் பங்கேற்றனர். ஐரோப்பியச் செவ்வியல் இசையையும் அமெரிக்க ஃபிடில் இசையையும் இணைக்கும் முயற்சிகளில் பரவலாகக் கவனிக்கப்பட்டவற்றுள் ஒன்று. இரண்டு மரபுகளும் சமமாகக் கலந்த இசை என்று இதை அறிமுகம் செய்வது வழக்கம். ஆனால் ஃபிடில் இசையிடம் பாடம் கேட்ட செவ்வியல் அறையிசை என்று சொல்வதே இதற்குப் பொருத்தமானது. இதன் பலமும் குறையும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஃபிடிலும் வயலினும்

ஃபிடிலும் வயலினும் ஒரே கருவி. வேறுபாடு வாசிக்கும் முறையிலும் வாசிக்கப்படும் சூழலிலும் உள்ளது. வயலின் என்றால் எழுதப்பட்ட இசைக்குறிப்பு, ஆசிரியர், இசைப்பள்ளி, கச்சேரி அரங்கு ஆகியவை நினைவுக்கு வரும். ஃபிடில் பெரும்பாலும் காதால் கேட்டுக் கற்கப்படுவது. நடனத்துக்காக வாசிக்கப்படுவது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் ரீல், ஜிக், ஹார்ன்பைப் போன்ற நடன மெட்டுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தனர். அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் நடன நிகழ்வுகளில் ஃபிடில் வாசித்தனர். ஆப்பிரிக்க மூலம் கொண்ட பாஞ்சோ ஃபிடிலுக்குத் துணையானது. இவை எல்லாம் சேர்ந்து உருவானதே அமெரிக்க ஃபிடில் இசை.

ஒரு ஃபிடில் மெட்டின் கட்டமைப்பு எளியது. பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். அது முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நடனமாடுபவர்கள் களைக்கும் வரை மெட்டு சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் கலைஞர் ஓரிரு சுரங்களையோ வில் வீச்சையோ மாற்றுவார். இசையின் உயிர் அந்தச் சிறிய மாற்றங்களில் இருக்கிறது. இரண்டு தந்திகளை ஒரே வில்லால் தொட்டு, ஒன்றில் மெட்டையும் மற்றதில் சுருதியையும் ஒலிக்கவிடுவது ஃபிடிலின் அடையாளம். தாளத்தை வில்லே உருவாக்குகிறது. ஒரு நீண்ட வீச்சும் இரண்டு குறுகிய வீச்சுகளும் அடுத்தடுத்து வரும்போது, தாளக்கருவி எதுவும் இல்லாமலேயே கால் தரையைத் தட்டத் தொடங்கிவிடும்.

ஃபிடில் இசை ஒரே பாணி கொண்டதும் அல்ல. வட கரோலினா மலைப்பகுதியைச் சேர்ந்த டாமி ஜாரெல் (1901–1985) தந்திகளின் சுருதியை மாற்றி அமைத்து, குறுகிய வில் வீச்சுகளுடன், பாஞ்சோவின் துணையோடு வாசித்தவர். அவருடைய வாசிப்பில் மெட்டையும் தாளத்தையும் பிரிக்க முடியாது. டெக்சாஸ் பாணி வேறானது. அது போட்டி மேடைகளில் வளர்ந்தது. நீண்ட வில், தெளிவான சுரம், ஒவ்வொரு சுற்றிலும் மெட்டை விரித்துச் செல்லும் கற்பனை ஆகியவை அதன் இயல்புகள். மார்க் ஓ'கானர் இந்த இரண்டாவது மரபில் வந்தவர். இத்தொகுப்பை மதிப்பிட இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

மூன்று கலைஞர்கள்

மார்க் ஓ'கானர் 1961-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். டெக்சாஸ் பாணியின் முன்னோடிகளில் ஒருவரான பென்னி தாமஸனிடம் ஃபிடில் கற்றார். ஐடஹோ மாநிலத்தின் வைசர் நகரில் நடைபெறும் தேசிய ஃபிடில் போட்டியில் நான்கு முறை முதலிடம் பெற்றார். பதின்வயதில் பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியுடன் இசைப்பயணம் செய்தார். பின்னர் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிகவும் தேடப்பட்ட கலைஞராக இருந்தார். 1990-களில் செவ்வியல் வடிவங்களில் இசையமைப்பதில் கவனம் செலுத்தினார்.

எட்கர் மேயர் 1960-ல் பிறந்தார். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் நகரில் வளர்ந்தார். தந்தையிடம் டபுள் பேஸ் கற்று, பின்னர் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பயின்றார். செவ்வியல், ப்ளூகிராஸ் இரண்டிலும் ஒரே அளவு தேர்ச்சி கொண்டவர். ஓ'கானரும் மேயரும் சாம் புஷ், பெலா ஃப்ளெக், ஜெர்ரி டக்ளஸ் ஆகியோருடன் 'ஸ்ட்ரெங்த் இன் நம்பர்ஸ்' என்ற குழுவில் முன்பே இணைந்து வாசித்தவர்கள். அக்குழுவின் தொகுப்பு 1989-ல் வெளியானது.

யோ-யோ மா 1955-ல் பாரிஸில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தார். நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் லெனர்ட் ரோஸிடம் பயின்றார். மூவரில் உலகப்புகழ் பெற்றிருந்தவர் அவரே. மூவரில் ஃபிடில் இசைக்குப் புதியவரும் அவரே. இந்த முரண்தான் இந்தக் கூட்டணியின் சுவாரசியம். அரங்கை நிறைத்த பெயருக்குரியவர் மேடையில் மாணவரின் இடத்திலும் இருந்தார்.

தொகுப்புகள்

மூவரின் முதல் தொகுப்பு 'அப்பலேச்சியா வால்ட்ஸ்' 1996-ல் சோனி கிளாசிக்கல் வெளியீடாக வந்தது. ஓ'கானர், மேயர் இருவரின் புதிய ஆக்கங்களும் மரபான அயர்லாந்து மெட்டுகளும் அதில் இருந்தன. இரண்டாவது தொகுப்பு 'அப்பலேச்சியன் ஜர்னி' 2000-ல் வந்தது. சிறந்த செவ்வியல் கலப்பிசைத் தொகுப்புக்கான கிராமி விருதை 2001-ல் பெற்றது. அந்தத் தொகுப்பை ஒட்டி நடந்த மேடைநிகழ்ச்சியே 'லைவ் இன் கான்செர்ட்' பதிவாக வெளிவந்தது.

வயோலா இல்லாத மூவர் குழு

செவ்வியல் மரபில் தந்திக்கருவி மூவர் குழு என்பது வயலின், வயோலா, செல்லோ மூன்றும் சேர்ந்தது. மேல், நடு, கீழ் என்ற மூன்று ஒலித்தளங்களையும் அவை நிரப்பும். இந்தக் குழுவில் வயோலா இல்லை. அதனிடத்தில் டபுள் பேஸ் உள்ளது. இதனால் குழுவின் எடை கீழே இறங்குகிறது. வயலினுக்கும் பேஸுக்கும் இடையில் பெரிய இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியை நிரப்பும் வேலை செல்லோவுக்கு வருகிறது. செல்லோ தன் வழக்கமான அடித்தள இடத்தை விட்டு மேலே ஏறி, வயோலாவின் பணியைச் செய்கிறது. மேயர் டபுள் பேஸின் உயர்ந்த சுரங்களில் மிக எளிதாக வாசிப்பவர் என்பதால், பேஸ் செல்லோவின் பகுதிக்குள் ஏறிவருவதும் நிகழ்கிறது. யார் மேலே, யார் கீழே என்பது ஓர் உருப்படிக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு மாற்றமும் முக்கியமானது. ஃபிடிலுக்கு மரபாகத் துணை நிற்பவை பாஞ்சோவும் கிட்டாரும். இரண்டும் விரலாலோ வில்லையாலோ மீட்டப்படுபவை. அவற்றின் ஒலி கூர்மையாகத் தொடங்கி உடனே தேயும். தாளத்துக்கு அது மிகவும் ஏற்றது. வில் போட்டு வாசிக்கும் கருவியின் ஒலி தேயாமல் நீள்கிறது. மூன்று வில் கருவிகள் மட்டும் சேர்ந்து நடன இசையை வாசித்தால், தாளம் மங்கி எல்லாம் ஒரே ஓட்டமாகக் கலந்துவிடும் ஆபத்து உண்டு. இந்த மூவரின் முதன்மையான சாதனை இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்ட விதம்தான். பேஸைச் சில இடங்களில் விரலால் மீட்டுகிறார்கள். செல்லோவில் குறுகிய, உலர்ந்த வில் வீச்சுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவரின் நீண்ட சுரத்துக்கு அடியில் மற்றவர் துள்ளலை வைக்கிறார்கள்.

ஃபிடிலுக்குச் செல்லோ துணை நிற்பது புதிதும் அல்ல. 18-ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஃபிடில் கலைஞர் நீல் கவ், தன் தம்பி டொனால்டின் செல்லோ துணையுடன் நடனங்களுக்கு வாசித்தவர். மறைந்துபோன ஒரு பழக்கத்தை இந்தக் குழு கச்சேரி மேடையில் வேறு வடிவில் மீட்டெடுத்தது எனலாம்.

உருப்படிகள்

இக்கூட்டணியின் ஆக்கங்களில் முதலிடம் 'அப்பலேச்சியா வால்ட்ஸ்' என்ற உருப்படிக்கு உரியது. ஓ'கானரின் ஆக்கமான இது முதல் தொகுப்பின் தலைப்பும் ஆகும். மூன்று அடிகள் கொண்ட மெதுவான தாளத்தில் அமைந்தது. மெட்டு எங்கும் விரைவதில்லை. இரட்டைத் தந்திகளின் நீண்ட ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்கின்றன. சுருதித் தந்தியை ஒலிக்கவிடும் ஃபிடில் பழக்கமே இதன் கட்டுமானத்தின் அடிப்படை. செவ்வியல் வயலின் கலைஞர்கள் சுரத்தை அழகுபடுத்தச் செய்யும் விரல் அசைவு, அதாவது வைப்ராட்டோ, இங்கே மிகவும் குறைக்கப்படுகிறது. யோ-யோ மாவின் செல்லோவில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. பாஹ், துவோர்ஷாக் ஆகியோரின் ஆக்கங்களை வாசிக்கும் அவரது செழுமையான தொனி இங்கே இல்லை. நேரான, சற்றே கரகரப்பான ஒலி இருக்கிறது. அவர் கற்றுக்கொண்டது என்ன என்பதற்கு அந்த ஒலியே சான்று. இந்த உருப்படியின் தனிச்செல்லோ வடிவத்தை அவர் பின்னர் தன் கச்சேரிகளில் பலமுறை வாசித்தார்.

மேயரின் '1பி' இதற்கு நேரெதிரான துரித உருப்படி. இரண்டாவது தொகுப்பு இதில்தான் தொடங்குகிறது. ப்ளூகிராஸின் உந்துதல் இதில் உண்டு. ஆனால் வடிவம் செவ்வியலுக்குரியது. சிறிய இசைத்துணுக்கு ஒன்று கைமாறி வளர்கிறது. மேயர் இங்கே ஃபிடில் மெட்டு எதையும் எடுத்தாளவில்லை. ஃபிடிலின் நடையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அதனாலேயே இது உறுதியாக நிற்கிறது.

'லைம்ராக்', 'ஃபிஷர்ஸ் ஹார்ன்பைப்' போன்ற மரபு மெட்டுகளின் நிலை வேறு. 'லைம்ராக்' ஃபிடில் போட்டிகளில் திறமையைக் காட்ட வாசிக்கப்படும் மெட்டு. அதை மூன்று கருவிகளுக்கும் விரித்து எழுதியபோது வேகமும் துல்லியமும் வியப்பூட்டுகின்றன. ஆனால் சுற்றுக்குச் சுற்று கலைஞர் அந்தக் கணத்தில் கண்டடைய வேண்டிய மாற்றங்கள் பெருமளவு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. ஃபிடில் மெட்டு தன் சுதந்திரத்தைக் கொடுத்து நேர்த்தியை வாங்கிக்கொள்கிறது. அலிசன் க்ராஸ் ஃபிடிலுடன் இணையும் 'ஃபிஷர்ஸ் ஹார்ன்பைப்'பில் இந்த இறுக்கம் குறைவு. ப்ளூகிராஸில் வளர்ந்த இன்னொரு கை சேரும்போது நடனத்தின் அசைவு திரும்பிவருகிறது.

'மிஸ்டி மூன்லைட் வால்ட்ஸ்', 'எமிலிஸ் ரீல்' இரண்டும் ஓ'கானரின் ஆக்கங்கள். ஃபிடில் மெட்டின் எளிய இரு பகுதி வடிவத்துக்குள் நின்று எழுதப்பட்டவை. அவரது ஆக்கங்களில் ஆடம்பரம் இல்லாதவை இவையே. 'கேப்ரிஸ் ஃபார் த்ரீ' பகனினியின் வயலின் கேப்ரிஸ்களை நினைவூட்டும் தலைப்புடன், ஃபிடில் வில்முறையைச் செவ்வியல் வித்தைக்கு நிகராக வைக்க முயல்கிறது. கேட்பவரை வியக்கவைக்கிறது. மனதில் தங்குவது குறைவு.

ஜேம்ஸ் டெய்லர் பாடும் 'ஹார்ட் டைம்ஸ் கம் அகெய்ன் நோ மோர்', அலிசன் க்ராஸ் பாடும் 'ஸ்லம்பர் மை டார்லிங்' இரண்டும் 19-ம் நூற்றாண்டுப் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் பாடல்கள். இரு குரல்களும் அலங்காரம் இல்லாதவை. தந்திக்கருவிகள் குரலுக்குப் பின்னால் அடங்கி நிற்கின்றன. மூன்று பெரும் கலைஞர்கள் ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியமாக மட்டும் இருக்கச் சம்மதிக்கும் இந்த இடங்களில்தான் தொகுப்பு நாட்டாரிசையின் மனநிலைக்கு மிக அருகில் வருகிறது.

மேடைப் பதிவின் இடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான தொகுப்பில் மூவரின் ஒலியும் சமநிலையில், மாசில்லாமல் கேட்கிறது. அந்தச் சமநிலையே இந்த இசையின் கதையில் பாதியை மறைத்துவிடுகிறது. இசைநடத்துநர் இல்லாத குழுவில் தாளம் எப்படிக் கைமாறுகிறது என்பதைக் காதால் மட்டும் அறிவது கடினம். மேடைப் பதிவில் அது கண்முன் தெரிகிறது. யார் யாரைப் பார்க்கிறார்கள், யாருடைய வில் முதலில் அசைகிறது, அடுத்தவர் எப்போது ஒதுங்கி இடம் கொடுக்கிறார் என்பதைக் கவனித்தால் இசையின் உள்ளமைப்பு புரிகிறது. செவ்வியல் இசை பயிலும் மாணவர்களுக்கு இப்பதிவு அதனால் மிகவும் பயனுள்ளது.

அதே பதிவு ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. ஃபிடில் இசையில் கேட்பவர் ஆடுபவர். அவருடைய கால் இசையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. லிங்கன் மையத்தில் கேட்பவர் இருளில் அமைதியாக அமர்ந்திருக்கிறார். இசை முடிந்ததும் கைதட்டுகிறார். ஆடுபவர் இல்லாதபோது ரீல் எதற்காகச் சுற்றிவர வேண்டும்? இதற்கு ஓ'கானரும் மேயரும் கண்ட விடை, சுற்றிவரும் மெட்டை வளர்ந்துசெல்லும் ஆக்கமாக மாற்றுவது. 'அப்பலேச்சியா வால்ட்ஸ்', '1பி' ஆகியவற்றில் அந்த விடை நிறைவாக அமைகிறது. மரபு மெட்டுகளின் விரிவாக்கங்களில் அது பாதியில் நின்றுவிடுகிறது.

'அப்பலேச்சியா' என்ற பெயர்

தொகுப்பின் மீது வைக்கத்தக்க முதன்மையான விமர்சனம் அதன் பெயரைப் பற்றியது. மூவரில் அப்பலேச்சிய மலைப்பகுதியோடு நேரடித் தொடர்புடையவர் கிழக்கு டென்னசியில் வளர்ந்த மேயர் மட்டுமே. ஓ'கானரின் ஃபிடில் டெக்சாஸ் மரபைச் சேர்ந்தது. டாமி ஜாரெல் போன்ற மலைக் கலைஞர்களின் மாற்றுச் சுருதியமைப்பு, கரடுமுரடான வில், பாஞ்சோவோடு பின்னிக்கிடக்கும் தாளம் ஆகியவை இந்த இசையில் அரிதாகவே கேட்கின்றன. அப்பலேச்சியா இங்கே ஓர் இடத்தின் பெயராக இல்லாமல் ஒரு மனநிலையின் பெயராக இருக்கிறது. பரந்த வெளி, எளிமை, பழமை, ஏக்கம் ஆகியவற்றை அது குறிக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேய நாட்டாரிசைச் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை அப்பலேச்சிய மலைகளில் பாடல்களைத் திரட்டினார். அவர் தேடியது பழைய இங்கிலாந்தின் எச்சங்களை. அங்கே வாழ்ந்த கருப்பின மக்களின் இசை அவரது சேகரிப்பில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஏரன் காப்லண்ட் 1944-ல் இசையமைத்த 'அப்பலேச்சியன் ஸ்ப்ரிங்' கச்சேரி அரங்கில் அந்தப் பெயரை அமெரிக்க எளிமையின் அடையாளமாக நிலைநிறுத்தியது. மூவரின் இரு தொகுப்புகளும் இந்த வரிசையில் வருகின்றன. அவற்றில் அயர்லாந்து தெளிவாகக் கேட்கிறது. ஆப்பிரிக்கா கேட்பதில்லை. ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ, கென்டக்கியின் கருப்பினக் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸிடமிருந்து கற்றவர். அந்த வழியின் சுவடுகள் இத்தொகுப்பின் சட்டகத்துக்கு வெளியே இருக்கின்றன. ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் இரு பாடல்கள் இடம்பெறும்போது இந்த இன்மை மேலும் துலங்குகிறது. அவை இல்லங்களில் பாடுவதற்கான பாடல்கள் என்றாலும், ஃபாஸ்டர் தன் புகழில் பெரும்பகுதியை வெள்ளையர்கள் முகத்தில் கருப்புச் சாயம் பூசி நடித்த மேடைகளுக்கு எழுதிப் பெற்றவர்.

இந்த விமர்சனம் கலைஞர்களின் நேர்மையைப் பற்றியது அல்ல. ஒரு பெயர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைப் பற்றியது. வட கரோலினாவின் கருப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்ஸனிடம் (1918–2012) கற்ற 'கரோலினா சாக்லெட் ட்ராப்ஸ்' குழு 2005-ல் உருவாகி, 2010-ல் வெளியிட்ட தொகுப்புக்கு கிராமி விருது பெற்றது. அந்த இசையையும் இந்த மூவரின் இசையையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, அமெரிக்க ஃபிடில் மரபின் அகலமும் அதில் இந்தத் தொகுப்பு எடுத்துக்கொண்ட பங்கின் அளவும் விளங்கும்.

தொடர்ச்சி

ஓ'கானர் பின்னர் இவ்விசையை வயலின், வயோலா, செல்லோ ஆகியவை கொண்ட வழக்கமான மூவர் குழுவுக்கு மாற்றி அமைத்தார். வயோலா கலைஞர் கேரல் குக், செல்லோ கலைஞர் நாட்டலி ஹாஸ் இருவருடன் 'அப்பலேச்சியா வால்ட்ஸ் ட்ரியோ' என்ற குழுவை அமைத்து 'க்ராஸிங் பிரிட்ஜஸ்' தொகுப்பை வெளியிட்டார். இதனால் இந்த உருப்படிகள் மூன்று தனிமனிதர்களின் திறமையைச் சார்ந்திருக்கும் நிலை மாறியது. நாட்டலி ஹாஸ், ஸ்காட்லாந்து ஃபிடில் கலைஞர் அலஸ்டேர் ஃப்ரேசருடன் இணைந்து செல்லோவை மீண்டும் நடன இசையின் தாளக்கருவியாக நிலைநிறுத்தினார். மேயரும் மாவும் க்ரிஸ் தீலி, ஸ்டூவர்ட் டங்கன் ஆகியோருடன் சேர்ந்து 2011-ல் 'த கோட் ரோடியோ செஷன்ஸ்' தொகுப்பை வெளியிட்டனர். அதில் மாண்டலினும் பாஞ்சோவும் உள்ளே வந்தன. மூன்று வில் கருவிகள் மட்டும் சுமந்த தாளப்பொறுப்பு பகிர்ந்துகொள்ளப்பட்டது. அந்த இசையில் உள்ள தளர்வுக்கு அதுவும் ஒரு காரணம்.

மதிப்பீடு

இரு மரபுகளைக் கலப்பதாகச் சொல்லும் இசையில் யார் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதே முதலில் கேட்கவேண்டியது. பெரும்பாலான கலப்பிசை முயற்சிகளில் நாட்டார் மெட்டுக்குச் செவ்வியல் ஒப்பனை போடப்படும். மெட்டு மாறும், செவ்வியல் கலைஞர் மாறமாட்டார். இந்தக் குழுவில் மாற்றம் இரு பக்கமும் நிகழ்ந்தது. யோ-யோ மா தன் தொனியை விட்டுக்கொடுத்தார். ஓ'கானர் ஃபிடிலின் திறந்த சுற்றுகளை விட்டுக்கொடுத்து எழுதப்பட்ட வடிவத்துக்குள் வந்தார். இரு உலகங்களிலும் ஏற்கெனவே வாழ்ந்த மேயர் நடுவில் நின்று இரண்டையும் தாங்கினார்.

அந்த விட்டுக்கொடுத்தல் புதிய ஆக்கங்களுக்கு வழிவகுத்த இடங்களில் இத்தொகுப்பு நிலைத்த மதிப்புடையது. பழைய மெட்டுகளை மெருகேற்றுவதோடு நின்ற இடங்களில் அது திறமையின் காட்சி மட்டுமே. மலைமக்களின் குரலாக இதை எடுத்துக்கொள்பவர் அந்தக் குரலின் பெரும்பகுதியைத் தவறவிடுவார். 20-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட அறையிசையாகக் கேட்பவருக்கு, வில்லின் அசைவிலிருந்தே ஒரு முழு ஆக்கத்தை எழுப்பிக்காட்டும் 'அப்பலேச்சியா வால்ட்ஸ்' ஒன்றே போதிய பரிசு.